டி சஸ்4 பிடித்தால் பாட்டே பிசகியதுபோல் கேட்கிறது. சஸ்4, சஸ்2 போன்ற சஸ்பெண்டட் கார்டுகளை, அதாவது சேர்ந்தொலிக்கும் சுரக் கூட்டுகளை, கிட்டாரில் எப்படிப் பழகுவது?

பிசகியதுபோல் கேட்கிறது என்றால் அநேகமாக விரல் சரியாகத்தான் விழுந்திருக்கும். அங்கிருந்து டி மேஜருக்குத் திரும்பி வராததுதான் கோளாறு.

எனக்கு ஊர் களியக்காவிளை. சபைப் பாடகர் குழுவில் வாசிக்கிறேன். கற்றது எல்லைக்கு அந்தப் பக்கம், பாறசாலையில், ஒரு மலையாளி ஆசானிடம். டி மேஜரைப் பிடித்தபடி முதல் (மிக மெல்லிய) தந்தியின் மூன்றாம் ஃபிரெட்டில் (கழுத்திலுள்ள கட்டத்தில்) சுண்டுவிரலை வைத்தால் டி சஸ்4. எடுத்தால் பழைய டி. நடுவிரலையும் எடுத்து முதல் தந்தியைத் திறந்துவிட்டால் டி சஸ்2. ஒரு வாரம் இதையே வாசிக்க வைத்தார். எரிச்சலாக இருந்தது.

இவ்வளவுதானே என்ற தெனாவெட்டில், ஒரு ஞாயிறு ஆராதனையில் பாட்டின் கடைசி வரியை சஸ்4-இலேயே நிறுத்தினேன். எழுந்து நின்ற சபை உட்காரவில்லை. இன்னொரு சரணம் இருக்கிறதென்று காத்திருந்தது! முன்வரிசையில் பாடும் அக்கா திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

கர்நாடக சுரங்களில் சொன்னால், மேஜர் கார்டு என்பது ச க ப. அந்தர காந்தாரம் (உயர்ந்த க) இருந்தால் மேஜர், சாதாரண காந்தாரம் (தாழ்ந்த க) இருந்தால் மைனர். சஸ்4-இல் காந்தாரமே இல்லை. அதன் இடத்தில் சுத்த மத்திமம், அதாவது ச ம ப. அந்த மத்திமம் பக்கத்துப் பஞ்சமத்தோடு உரசிக்கொண்டு, காந்தாரத்துக்கு இறங்கத் தவிக்கும். முந்தைய கார்டின் சுரம் இறங்காமல் தொங்கி நிற்பதால்தான் 'சஸ்பெண்டட்' என்ற பெயரே வந்தது. (நான் வேலைநீக்கம் என்று நினைத்திருந்தேன்.) பாட்டு முடிவில் இழுத்துப் பாடும் ஆமெனைக் கவனியுங்கள்: 'ஆ'வில் மத்திமத்தில் நிற்கும் நடுக்குரல் 'மென்'னில் காந்தாரத்துக்கு இறங்கும். சஸ்2, அதாவது ச ரி ப, இத்தனை அவசரப்படாது. அதிலேயே நின்றாலும் காது பொறுத்துக்கொள்ளும்.

ஆகவே சஸ்4-ஐத் தனியாகப் பழகாதீர்கள். இரண்டு எண்ணிக்கை சஸ்4, இரண்டு எண்ணிக்கை மேஜர், மெதுவாக. ஏ மேஜரில் இரண்டாம் தந்தியின் மூன்றாம் ஃபிரெட்டுக்குச் சுண்டுவிரல் போகும். ஈ மேஜரில் மூன்றாம் தந்தியை முதல் ஃபிரெட்டுக்குப் பதில் இரண்டாவதில் அழுத்த வேண்டும். ஈ சஸ்2 விரலைப் படுத்தும், இப்போதைக்கு விடுங்கள்.

பாட்டில் எங்கே போடுவது? டி சுருதிப் பாட்டென்றால் வரி முடிந்து டி-க்குத் திரும்பும் முன்: ஏ சஸ்4, ஏ, டி. நான் இப்போது அங்கே மட்டும்தான் வாசிக்கிறேன். சபையும் உரிய நேரத்தில் உட்கார்ந்துவிடுகிறது.