பிள்ளை அப்படியேதான் இருக்கிறானா, அக்கா?

அக்கா, போன கிழமை ஹட்டனுக்கு என்னைப் பார்க்க மகனோடு வந்தீர்கள், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று பாதியில் எழும்பிவிட்டீர்கள். "ரெண்டு வருஷமா பாக்குறேன் சேர், பிள்ளை அப்படியேதான் இருக்கான்" என்று வாசலில் நின்று சொன்னது மனதிலேயே கிடக்கிறது. பதில் சொல்லாமல் அனுப்பிவிட்டேன், அதனால்தான் எழுதுகிறேன்.

அவன் அப்படியே இல்லை அக்கா. நீங்கள் வருமுன் அவனுடைய கணிதக் கொப்பிகள் இரண்டையும் வாங்கிப் பார்த்தேன். சாதாரண தரப் பரீட்சை முதல் தடவை எழுதிய வருஷத்துக் கொப்பியில் பின்னக் கணக்கு வரும் பக்கமெல்லாம் வெறுமை, கேள்வியைக்கூட முழுதாக எழுதவில்லை. அடுத்த வருஷக் கொப்பியில் ஒவ்வொரு கணக்கும் நான்கைந்து வரி ஓடியிருக்கிறது, கடைசி வரியில்தான் பிழைக்கிறது, சில இடத்தில் தானே சிவப்புப் பேனையால் திருத்தியும் இருக்கிறான். பெறுபேற்றில் இதெல்லாம் சித்தியில்லை என்கிற டபிள்யூ போய், சாதாரண சித்தி என்கிற எஸ் வந்தது, அவ்வளவுதான். ஊருக்கு அது ஓர் எழுத்து. வெள்ளைத்தாளை வைத்துவிட்டு எழும்பிய பிள்ளை, இப்போது பிழைத்தாலும் பரவாயில்லை என்று எழுதிப் பார்க்கிறான், எனக்கு அதுதான் பெரிது.

நீங்கள் கொழுந்து பறிக்க மலைக்குப் போகத் தொடங்கிய காலத்தை நீங்களே சொன்னீர்களே, மாதக்கணக்கில் அரைப் பேர்தான், அரைநாள் சம்பளம்தான், விழுந்தது என்று. பக்கத்து நிரையில் நின்ற பெரியம்மா பேசிக்கொண்டே இரண்டு கையாலும் எடுக்க, நீங்கள் ஒவ்வொரு கொழுந்தாகத் தேடி, முற்றல் இலை கலந்துவிட்டது என்று ஏச்சும் வாங்கி, அழுதுகொண்டு லயத்து வீட்டுக்கு வந்தீர்கள். கை எந்த நாளில் பழகியது என்று கேட்டதற்கு உங்களுக்கே தெரியவில்லை. அந்த நாட்களில் யாராவது உங்களுக்குக் கை வராது என்று சொல்லி நிறுத்தியிருந்தால்?

இப்போது அவன் வயரிங் பழகுகிறான், தேசிய தொழில் தகைமை மூன்றாம் மட்டம், ஆறு மாதம் போயிருக்கிறது. பக்கத்து லயத்துப் பையன் கொழும்பு புறக்கோட்டையில் கடையில் நின்று மாதம் மாதம் காசு அனுப்புகிறான், நம் பிள்ளையையும் அனுப்பிவிடலாமா என்றீர்கள். வீட்டுக் கஷ்டம் தெரியாமல் பேசவில்லை. ஆனால் பாதியில் நிறுத்தினால் முழுச் சான்றிதழ் கையில் இருக்காது, அதுதான் என் பயம். இந்தத் தகைமையில் ஏழு மட்டங்கள் உண்டு, மூன்றும் நான்கும் தொழில் சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமம். ஒரேயடியாக ஏற வேண்டியதில்லை. மூன்றை முடித்து வேலைக்குப் போய், கொஞ்சம் காசு சேர்த்து, பிறகு நான்குக்கு வந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். காசு இறுகினால் சனி, ஞாயிறு ஏதாவது வேலை பார்க்கட்டும், படிப்பை மட்டும் விட வைக்காதீர்கள்.

பொறுமை என்றால் பார்க்காமல் விடுவது என்று நினைத்துவிடவும் வேண்டாம். தினமும் "என்ன படிச்ச?" என்று கேட்டால் அவன் வாயே திறக்க மாட்டான். மாதத்தில் ஒரு நாள், போன மாதம் செய்யத் தெரியாத எதை இப்போது செய்கிறாய் என்று கேளுங்கள், அதை ஒரு கொப்பியில் திகதி போட்டு அவனே எழுதட்டும். மூன்று மாதம் எழுத ஒன்றுமே இல்லையென்றால், அப்போது பொறுத்திருக்கக் கூடாது. பயிற்சி நிலையத்துக்குப் போய் போதனாசிரியரைப் பாருங்கள், சிங்களத்தில் சொல்வது விளங்காமல் இருக்கிறானா என்று கேளுங்கள், கண்ணையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். நம் பிள்ளைகள் கரும்பலகை தெரியவில்லை என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், வருஷக்கணக்கில் மக்கு என்று பெயர் வாங்கிக்கொண்டு இருப்பார்கள், இது எனக்கு மிகவும் வலிக்கிற விஷயம்.

அப்புறம், அவன் முன்னால் பக்கத்து லயத்துப் பையன் பேச்சு வேண்டாம். அன்றைக்கு நீங்கள் அதைச் சொன்னபோது அவன் கொப்பியை மடித்து சேர்ட்டுக்குள் வைத்துக்கொண்டான், நீங்கள் கவனிக்கவில்லை. அடுத்த சம்பளத்துக்குப் பிறகு ஒரு நாள் இரண்டு பேரும் வாருங்கள், அந்தக் கொப்பியையும் எடுத்து வரச் சொல்லுங்கள், அவனே உங்களுக்கு விரித்துக் காட்டட்டும்.