அருகே போகாத வண்டி

அன்புள்ள ஐயா,

கடந்த ஆகஸ்ட் மாதம் கென்யாவின் மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்துக்குப் போய் வந்தேன். ஐந்து நாள்கள், காலையும் மாலையுமாகப் பத்து சஃபாரிகள். மூன்று ஆண்டு சேமிப்பு இது. இதற்காகவே 600 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றும் வாங்கினேன். ஊர் திரும்பிப் படங்களைப் பார்த்ததும் மனம் சோர்ந்துவிட்டது. காலை பத்து மணிக்குப் பிறகு எடுத்த ஒரு படம்கூடக் கூர்மையாக இல்லை. நான்காம் நாள் மாலை சிவிங்கிப்புலி (சீட்டா) ஒன்றைக் கண்டோம். எங்கள் வழிகாட்டி அறுபது எழுபது மீட்டர் தள்ளி, பாதையிலேயே வண்டியை நிறுத்திவிட்டார். புல்வெளிக்குள் இறங்கிப் பக்கத்தில் போகச் சொன்னேன். தனியாகப் பணம் தருவதாகவும் சொன்னேன். மறுத்துவிட்டார். எங்கள் விடுதியில் தங்கியிருந்த இன்னொரு குழுவினரிடம் சிவிங்கிப்புலியின் மீசை மயிர்வரை தெரியும் படங்கள் இருந்தன. அடுத்த முறை 800 மில்லிமீட்டர் லென்ஸ் வாங்கிக்கொண்டு போவதா, வேறு வழிகாட்டியை ஏற்பாடு செய்துகொள்வதா? நான்கு படங்களை இணைத்திருக்கிறேன்.

ஒரு வாசகர்,
கோவை

அன்புள்ள நண்பருக்கு,

நான்கு படங்களையும் பெரிய திரையில் போட்டு நிதானமாகப் பார்த்தேன். முதலில் லென்ஸ். அதில் எந்தப் பழுதும் இல்லை. காலை ஏழு மணிக்கு எடுத்த பறவைப் படத்தைப் பாருங்கள். அது நம் பனங்காடையின் ஆப்பிரிக்க உறவு. நெஞ்சின் இளம் ஊதா இறகுகளைத் தனித்தனியாக எண்ணலாம். அதே லென்ஸில் பதினொரு மணிக்கு எடுத்த யானை, தண்ணீருக்கு அடியில் நிற்பதுபோல் நெளிகிறது. காரணம் கானல். வெயில் ஏற ஏற நிலம் சூடாகி, அதை ஒட்டிய காற்று வெவ்வேறு அடர்த்தியில் அலையலையாக எழும்புகிறது. இருநூறு மீட்டர் தொலைவில் நிற்கும் யானையை அத்தனை அலைகளின் ஊடாகத்தான் லென்ஸ் பார்க்கிறது. லென்ஸ் நீளமாக ஆக, யானையோடு சேர்ந்து கானலும் பெரிதாகும். ஷட்டர் வேகத்தைக் கூட்டினாலும் முக்காலியில் வைத்தாலும் இது தீராது. 800 வாங்கினால் இன்னும் மோசமாகத் தெரியும். ஓடி நின்ற வண்டியின் முகப்பிலிருந்து எழும் சூடான காற்றும் இதே வேலையைச் செய்யும் என்பதால், முகப்புக்கு மேலாகப் படம் எடுக்காமல் பக்கவாட்டு ஜன்னலுக்கு மாறிக்கொள்ளுங்கள்.

மாரா நிலநடுக்கோட்டுக்குச் சற்றே தெற்கில் இருக்கிறது. சூரியன் அங்கே சாய்ந்து ஏறுவதில்லை, கிட்டத்தட்ட நேர்செங்குத்தாக எழும்பிவிடும். ஆறரை மணிக்கு உதித்தால் ஏழே முக்காலுக்குள் அந்தப் பொன்னிற ஒளி போய்விடும். ஆகவே காலைச் சிற்றுண்டியை வண்டியில் கட்டி எடுத்துக்கொண்டு, ஆறு மணிக்கு வாயில் திறக்கும்போதே உள்ளே இருக்க வேண்டும். பத்து மணிக்குப் பிறகு நீள லென்ஸைப் பையில் வைத்துவிட்டு, தூசியில் லென்ஸ் மாற்றும் தொல்லை வராதபடி, சின்ன லென்ஸ் பொருத்திய இரண்டாவது கேமராவை எடுங்கள். மாராவில் ஒற்றை மரம், பெரிய வானம், மழை மேகம், அடியில் ஒட்டகச்சிவிங்கி என்று எடுக்க எவ்வளவோ இருக்கிறது. ஷட்டர் வேகம், நடக்கும் விலங்குக்கு 1/500 நொடி போதும். ஓடுகிற விலங்குக்கு 1/2000-க்குக் குறைக்காதீர்கள். எஞ்சினை நிறுத்தச் சொல்லுங்கள். கேமராவை ஆடாமல் தாங்கும் பீன்பேக் எனப்படும் துணிப்பையை இங்கிருந்து காலியாகவே கொண்டுபோய், அங்கே அரிசியோ பயறோ வாங்கி நிரப்பிக்கொள்ளலாம்.

இனி சிவிங்கிப்புலிக்கு வருகிறேன். உங்கள் வழிகாட்டி செய்தது சரி. அவர் மறுத்ததைப் படித்தபோது எனக்கு அவர்மேல் பெரும் மரியாதை உண்டானது. அந்தக் காப்பகத்தில் பாதையை விட்டு வண்டியை இறக்கக் கூடாது. ஒரு விலங்கைச் சுற்றி ஒரே நேரத்தில் ஐந்து வண்டிகளுக்கு மேல் நிற்கவும் கூடாது. இந்த விதிகள் அன்றாடம் மீறப்படுகின்றன. மீறும்படி ஓட்டுநர்களைத் தூண்டுவது பின் இருக்கையில் இருக்கும் நாம்தான். அவர்கள் வருமானத்தில் நாம் கொடுக்கும் டிப்ஸுக்குப் பெரிய பங்கு உண்டு. பணத்தை முன்னால் நீட்டியும் மறுப்பதற்கு எவ்வளவு உறுதி வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதை ஊருக்கு உபதேசமாக எழுதவில்லை. நானும் அந்தக் குற்றத்தைச் செய்தவன். பல ஆண்டுகளுக்கு முன், டாலெக் ஆற்றங்கரையை ஒட்டி, ஒரு தாய்ச் சிவிங்கிப்புலியையும் மூன்று குட்டிகளையும் பார்த்தோம். ஓட்டுநர்கள் பேசிக்கொள்ளும் வண்டி வானொலியில் செய்தி பரவி, கால் மணி நேரத்தில் பதினான்கு வண்டிகள் சேர்ந்துவிட்டன. அவள் குட்டிகளைப் புல்லில் படுக்க வைத்துவிட்டு, ஒரு தாம்சன் சிறுமானை நோக்கித் தலையைத் தாழ்த்தி அடி அடியாக நகர ஆரம்பித்தாள். வண்டிகளும் கூடவே நகர்ந்தன. “முன்னால் போங்கள், முன்னால் போங்கள்” என்று ஓட்டுநரின் தோளைத் தட்டியவன் நான். அவளுக்கும் மானுக்கும் நடுவில் போய் நின்றோம். மான் தலையைத் தூக்கியது, பாய்ந்தது, மறைந்தது. அவள் அப்படியே உட்கார்ந்து எங்கள் வண்டியை ஏறிட்டுப் பார்த்தாள். அந்தக் கணத்தைத்தான் படமாக எடுத்தேன். இரண்டு கண்களும் நேராக லென்ஸுக்குள். கண்ணிலிருந்து வாயோரம் இறங்கும் கறுப்புக் கோடு மை தீட்டியதுபோல் அத்தனை துல்லியம். பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். நான்கு ஆண்டுகள் அதை வீட்டுக் கூடத்தில் மாட்டி வைத்திருந்தேன். பிறகு ஒருநாள், அதன் ஓரத்தில் தெரியும் குட்டியின் ஒட்டிப்போன வயிற்றைப் பார்த்துவிட்டு, கழற்றி வைத்துவிட்டேன்.

சிங்கம் பெரும்பாலும் இரவில் வேட்டையாடும். அதற்கு நம்மால் அவ்வளவு இடையூறு இல்லை. சிவிங்கிப்புலி வேட்டையாடுவது பகலில், அதுவும் நாம் சஃபாரி போகும் அதே காலையிலும் மாலையிலும். சில நூறு மீட்டருக்கு மேல் அதனால் அந்த வேகத்தில் ஓட முடியாது. ஓடிப் பிடித்த பிறகும் மூச்சு வாங்க வேண்டும், அதற்குள் கழுதைப்புலி வந்தால் இரையை விட்டுவிட வேண்டியதுதான். மாராவிலேயே நடத்தி 2018-இல் வெளியிடப்பட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. சுற்றுலா வண்டிகள் மிகுந்த பகுதிகளில், ஓர் ஈற்றுக்குச் சராசரியாக 0.2 குட்டிதான் வளர்ந்து தனித்துப் போகும் பருவத்தை எட்டியது. வண்டிகள் குறைவான பகுதிகளில் அது 2.3. ஐந்து ஈற்றுக்கு ஒரே ஒரு குட்டி என்பதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

பக்கத்தில் போனால் படம் நன்றாக வரும் என்பதும் உண்மையில்லை. கூரை திறக்கும் வண்டியில் நின்றால் உங்கள் கேமரா தரையிலிருந்து இரண்டரை மீட்டர் உயரத்தில் இருக்கும். பத்து மீட்டரில் படுத்திருக்கும் விலங்கை அங்கிருந்து எடுத்தால், மாடியிலிருந்து தெருநாயைப் படம் எடுத்ததுபோல் முதுகும் உச்சந்தலையும்தான் வரும். அறுபது மீட்டர் தள்ளிப் போனால் பார்வைக் கோணம் தாழ்ந்து, ஏறக்குறைய அதன் கண்மட்டத்துக்கு வந்துவிடுகிறது. முன்னும் பின்னும் உள்ள புல் கலங்கி, விலங்கு மட்டும் தனித்து எழும். பீன்பேக்கைக் கூரையில் வைக்காமல் ஜன்னலில் வைத்து, இருக்கையில் உட்கார்ந்து எடுத்தால் இன்னும் நல்லது.

உங்கள் நான்காவது படம் அப்படித்தான் அமைந்திருக்கிறது. “தூரமாகப் போய்விட்டது, அழிக்க இருந்தேன்” என்று அதன் கீழே எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அழிக்காதீர்கள். மாலை ஒளி பின்னாலிருந்து விழுந்து, அவள் உடலின் ஓரம் முழுக்க ஒளிக்கோடு. அவள் உங்களைப் பார்க்கவில்லை, உங்களை ஒரு பொருட்டாகவே எண்ணாமல் வலப்புறம் எதையோ கவனிக்கிறாள். படத்தை முழு அளவுக்குப் பெரிதாக்கி, அவளுடைய இடப் பின்னங்காலை ஒட்டிய புல்லைப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் பஞ்சுபோல ஏதோ தெரிகிறதல்லவா? சிவிங்கிப்புலிக் குட்டிகளுக்குச் சின்ன வயதில் கழுத்திலும் முதுகிலும் நீளமாக வளரும் முடி அது. அதற்குப் பக்கத்தில் இரண்டு சிறு காதுகள். கொஞ்சம் தள்ளி இன்னும் ஒரு காது. நீங்கள் அனுப்பிய கடிதத்தில் குட்டிகளைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை, ஆகவே நீங்கள் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். வழிகாட்டி கவனித்திருப்பார். பாதையை விட்டு இறங்கியிருந்தால் உங்கள் வண்டி அந்தப் புல்லுக்குள்தான் போயிருக்கும்.

அடுத்த முறை அதே வழிகாட்டியைக் கேளுங்கள். முதல் நாள் காலையிலேயே அவரிடம் சொல்லிவிடுங்கள்: எனக்கு அவசரமில்லை, பார்த்தே ஆக வேண்டிய விலங்குகள் என்று பட்டியல் எதுவும் இல்லை, பாதையை விட்டு இறங்க வேண்டாம், ஒரு விலங்கோடு இரண்டு மணி நேரம் காத்திருக்கவும் தயார். இதைக் கேட்டதும் அவர்கள் முகம் மலர்வதை நான் பல முறை பார்த்திருக்கிறேன். கூட்டம் பிடிக்காவிட்டால், காப்பகத்தை ஒட்டி மசாய் மக்கள் தங்கள் நிலத்தைக் குத்தகைக்குக் கொடுத்து உருவாகியுள்ள நபோய்ஷோ, ஓலாரே மோட்டோரோகி போன்ற இடங்களில் தங்கலாம். செலவு கூடும். ஆனால் வண்டிகளின் எண்ணிக்கைக்கு அங்கே கட்டுப்பாடு உண்டு, குத்தகைப் பணமும் நிலத்துக்கு உரியவர்களுக்குப் போகிறது.

லென்ஸுக்காக எடுத்து வைத்திருக்கும் பணத்தை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்த வழிகாட்டியின் தொலைபேசி எண் இன்னும் உங்களிடம் இருந்தால், நான்காவது படத்தை இன்றைக்கே அவருக்கு அனுப்பி, புல்லுக்குள் எத்தனை குட்டிகள் இருந்தன என்று கேளுங்கள். அவர் சொல்லும் எண்ணிக்கையை எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்.