அந்த செல்போனை யாரும் தடுக்கவில்லையா?

கேள்வி: எனக்கு முதல் குழந்தை, இது 36-வது வாரம். எல்லாம் நார்மல், சுகப்பிரசவம்தான் என்று டாக்டரம்மா சொல்லிவந்தார். போன செக்கப்புக்கு என் கணவரின் அண்ணனும் வந்தார். அவர் வக்கீல், டாக்டர் பேசியதை செல்போனில் ரெக்கார்டு செய்தார். இந்த வாரம் போனால், “ரிஸ்க் எதற்கு, சிசேரியன் செய்துவிடலாம்” என்கிறார் டாக்டரம்மா. காசுக்காகத்தானே? டாக்டரை மாற்றிவிடலாமா?

பதில்: நீங்கள் காசைப் பற்றிக் கேட்கிறீர்கள். என் கண்ணில் படுவது அந்த செல்போன். அதை ஒரு வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்கள். பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தீர்கள்? உங்கள் கணவரும் இருந்திருப்பார். “அண்ணா, உள்ளே வையுங்கள்” என்று ஒருவருக்குமா வாய் வரவில்லை? பிள்ளைத்தாய்ச்சியோடு டாக்டரிடம் போகிறவர் துணைக்குப் போக வேண்டும். உங்கள் வீட்டார் சாட்சி சேகரிக்கப் போயிருக்கிறார்கள்.

டாக்டர் பயந்துதான் மாறினார் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். உங்கள் ரத்த அழுத்தம் ஏறியிருக்கலாம், குழந்தை குறுக்கே கிடக்கலாம். ஆனால் பயந்திருந்தால் எனக்கு ஆச்சரியமில்லை. பிரசவ வழக்குகளில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி, “ஏன் முன்னமே சிசேரியன் செய்யவில்லை?” என்பது. ஏன் செய்தீர்கள் என்று வழக்குப் போடுகிறவர்கள் குறைவு. பல நாடுகளில் குழந்தை வளர்ந்து பெரியவனான பிறகும் வழக்குத் தொடரலாம். அன்றைக்குக் கோர்ட்டில் விரிப்பது, வலி நேரத்தில் குழந்தையின் இதயத்துடிப்பைப் பதிந்த அந்த நீளமான சிடிஜி தாளைத்தான். அப்படித் தொடர்ந்து பதிவதை, அவ்வப்போது மட்டும் துடிப்பைக் கேட்கும் பழைய முறையோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். பிறந்ததும் வரும் வலிப்பு குறைந்தது. மூளை முடக்குவாதம் குறையவில்லை. சிசேரியன் கூடியது. இருந்தும் அந்தத் தாள் கையில் இல்லாமல் இருக்க டாக்டர்களுக்குத் தைரியம் வருவதில்லை. கைதேர்ந்தவர்கள் சிலர் பிரசவம் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள்.

அதற்காகச் சட்டமே வேண்டாம் என்பேனா? ஸ்காட்லாந்தில் சர்க்கரை நோயுள்ள ஒரு தாய், குழந்தை பெரிதாக இருக்கிறதே என்று கவலைப்பட்டார். பிரசவத்தில் குழந்தையின் தோள் சிக்கும் ஆபத்து உண்டு என்பதை டாக்டர் சொல்லவில்லை. சொன்னால் சிசேரியன் கேட்டுவிடுவார் என்று நினைத்தார். தோள் சிக்கியது. குழந்தைக்கு மூளை முடக்குவாதம். 2015-ல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தாயின் பக்கம் தீர்ப்பளித்தது: முக்கியமான ஆபத்தைத் தாய்க்குச் சொல்லியே ஆக வேண்டும். தாய்க்கு, அம்மா. அந்த உரிமையைத்தான் நீங்கள் மைத்துனர் கையில் கொடுத்துவிட்டு வாய்மூடி உட்கார்ந்திருந்தீர்கள்.

டாக்டரம்மாவையும் நான் விட மாட்டேன். வழக்குக்குப் பயந்து ஒரு பெண்ணின் வயிற்றைக் கீறுவது பாவம். அப்படித்தானா என்று தெரிந்துகொள்ள, கணவரோடு மட்டும் திரும்பப் போங்கள். ரெக்கார்டு செய்ததற்கு முதலில் அவர் வருத்தம் சொல்லட்டும். அவர் அண்ணன் செய்த காரியம் அது. அப்புறம் நீங்கள் கேளுங்கள்: “போன செக்கப்புக்கும் இதற்கும் நடுவில் என் உடம்பில் என்ன மாறியது?” வலி வரும்வரை காத்திருந்தால் என்ன ஆபத்து, கீறினால் அந்தத் தழும்பு அடுத்த பிரசவத்தில் என்ன செய்யும், இரண்டையும் கேளுங்கள். பதிலைக் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். சரியான காரணம் சொன்னால் நம்பி ஒப்புக்கொள்ளுங்கள். “ரிஸ்க் எதற்கு” என்பதைத் தாண்டி எதுவும் வரவில்லையென்றால், அன்றைக்கே ரிப்போர்ட்டுகளை வேறொரு டாக்டரிடம் காட்டுங்கள். மைத்துனர் தானும் வருவேன் என்று கிளம்பினால், வாசலிலேயே நிறுத்த வேண்டியது உங்கள் கணவர்.