ஆன்லைன் டூரிஸ்ட் விசா: மதுரைப் பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

கோடை லீவுக்கு வெளிநாடு கிளம்புகிறவர்கள் கேட்டவை இவை. விசா மறுக்கப்பட்டால் "நம்ம ராசி" என்று சொல்லிவிடுகிறோம். பல நேரம் காரணம் ஒரு எழுத்து, ஒரு போட்டோ, ஒரு தேதிதான்.

திருமங்கலத்திலிருந்து: அண்ணே, வியட்நாம் இ-விசா போடணும். தேடினா பத்து தளம் வருது. எது அரசாங்கத்தோடது?

முகவரி எப்படி முடிகிறது என்று பாருங்கள். வியட்நாம் அரசுத் தளம் 'கவ் டாட் விஎன்' என்று முடியும். இலங்கைக்கு 'கவ் டாட் எல்கே'. இந்த நாடுகளுக்கு 'டாட் காம்' என்று முடிந்தால், கொடியும் முத்திரையும் போட்டிருந்தாலும் அது தனியார் தளம். தேடலில் முதலில் வந்து நிற்பவை பெரும்பாலும் காசு கட்டிய விளம்பரங்கள்.

வியட்நாம் அரசுக் கட்டணம் ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறை நுழைய 50 டாலர். 2023 ஆகஸ்ட் 15 முதல் 90 நாள் வரை தருகிறார்கள். இடையில் கம்போடியா போய்த் திரும்ப வியட்நாம் வருவதாக இருந்தால் 50 டாலர் விசாதான் வேண்டும். மறுத்தாலும் பணம் திரும்ப வராது. அதனால் பணம் கட்டும் பக்கத்துக்குப் போகும் முன் பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள்.

உசிலம்பட்டியிலிருந்து: என் பாஸ்போர்ட்டில் சர்நேம் காலி. ஆதாரில் இனிஷியல் இருக்கு. ஃபார்மில் எதைப் போட?

நம்மூர்க்காரர்களை அதிகம் அலைய வைப்பது இதுதான், அதனால் விரிவாகவே சொல்கிறேன். நமக்குக் குடும்பப் பெயர் வழக்கம் கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்துதான் இனிஷியல். வெளிநாட்டு ஃபார்ம்களோ குடும்பப் பெயர் (சர்நேம்) ஒன்று, சொந்தப் பெயர் (கிவன் நேம்) ஒன்று என்று இரண்டு பெட்டி வைத்திருக்கின்றன.

முதல் விதி: ஆதார், பான், ரேஷன் கார்டு எதையும் பார்க்காதீர்கள். பாஸ்போர்ட்டில் எந்தப் பெட்டியில் எது இருக்கிறதோ, அதே பெட்டியில் அதே எழுத்துக்கூட்டல். இனிஷியலை நீங்களாகச் சேர்க்கவும் வேண்டாம், விரிக்கவும் வேண்டாம். கிவன் நேமில் 'முருகன் கருப்பையா' என்று இரண்டு சொல் இருந்து சர்நேம் காலியாக இருந்தால், கருப்பையாவைப் பிரித்து சர்நேம் பெட்டியில் போடக் கூடாது.

பெட்டியைக் காலியாக விட முடியாத ஃபார்மில் அந்த நாட்டின் வழிகாட்டுதல்தான் முடிவு. அமெரிக்காவின் ஆன்லைன் விசா ஃபார்மான டிஎஸ்-160இல், பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் மட்டும் இருந்தால் அதை சர்நேமில் போட்டு, கிவன் நேமில் 'எஃப்என்யூ' (முதற்பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று எழுத வேண்டும். இதை மற்ற நாட்டு ஃபார்முக்கும் கொண்டுபோகாதீர்கள். விமான டிக்கெட்டுக்கு விதி வேறு. சில நிறுவனங்கள் ஒற்றைப் பெயரை இரண்டு பெட்டியிலும் போடச் சொல்லும். டிக்கெட் எடுக்கும் முன் அவர்களையே கேட்டுவிடுங்கள்.

துபாய், அபுதாபி போகிறவர்கள் கூடுதல் கவனம். சர்நேம், கிவன் நேம் இரண்டையும் சேர்த்து மொத்தமே ஒரே சொல் என்றால் சுற்றுலா விசாவில் ஏற்க மாட்டோம் என்று 2022 நவம்பரில் அமீரகம் அறிவித்தது. பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் ஏற்பதாகப் பிறகு தளர்த்தினார்கள். அடிக்கடி பயணம் போகிறவர் என்றால், பாஸ்போர்ட்டை ரீஇஷ்யூவுக்குப் போட்டு இரண்டு பெட்டியும் நிரம்பும்படி செய்துகொள்வது நல்லது. 36 பக்கத்துக்கு 1,500 ரூபாய், தட்கால் என்றால் மேலே 2,000.

மேலூரிலிருந்து: போட்டோ ரெண்டு தடவை திரும்பி வந்துருச்சு. ஸ்டுடியோவில்தானே எடுத்தேன்?

ஸ்டுடியோவில் முகத்தை வெளுப்பாக்கி, தழும்பை மறைத்து, கோட் ஒட்டிக் கொடுத்திருந்தால் அதுதான் காரணம். "விசாவுக்கு, எடிட் வேண்டாம்" என்று முதலிலேயே சொல்லுங்கள். வியட்நாமுக்கு 4க்கு 6 சென்டிமீட்டர், வெள்ளைப் பின்னணி, கண்ணாடி இல்லாமல். சிங்கப்பூருக்கு 35க்கு 45 மில்லிமீட்டர். அமெரிக்காவுக்குச் சதுரம்: 600 பிக்சல் முதல் 1,200 வரை, கோப்பு 240 கேபிக்குள். ஒன்றுக்கு எடுத்ததை இன்னொன்றுக்கு வெட்டி ஒட்டாதீர்கள்.

பாஸ்போர்ட் பக்கத்தைப் போனில் எடுப்பவர்கள் ஃபிளாஷை அணைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் எடுங்கள். கீழே அம்புக்குறிகளோடு இருக்கும் இரண்டு வரியும் முழுசாகத் தெரிய வேண்டும். விரல் படக் கூடாது.

அண்ணாநகரிலிருந்து: கார்டு ஏறவே மாட்டேங்குது. பேங்கில் பணம் இருக்கு.

2020 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி புதுக் கார்டுகள் உள்நாட்டுக்கு மட்டும் திறந்திருக்கும். வங்கி ஆப்பில் 'இன்டர்நேஷனல்', 'ஆன்லைன்' இரண்டையும் ஆன் செய்து வரம்பை ஏற்றுங்கள். வெளிநாட்டுத் தளம் பலவற்றில் ரூபே எடுக்காது. 'விசா' நிறுவனக் கார்டு அல்லது மாஸ்டர்கார்டு வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் நின்றால் உடனே மறுபடி அழுத்தாதீர்கள், இரண்டு முறை பிடித்துவிடும். விண்ணப்பத்தின் பதிவு எண்ணை வைத்து நிலையைப் பார்த்துவிட்டுப் பிறகு முயலுங்கள்.

திண்டுக்கல்லிலிருந்து: வியட்நாம் விசா மூணு நாளில் வரும்னாங்க, ஒரு வாரமாச்சே?

மூன்று வேலை நாள். சனி, ஞாயிறு கணக்கில் இல்லை. வியட்நாமில் ஏப்ரல் 30, மே 1 அரசு விடுமுறை, நம்மூர்க் கூட்டம் கிளம்பும் அதே நேரம். குறைந்தது இரண்டு வாரம் முன்னால் போட்டுவிடுங்கள். மெயிலுக்காகக் காத்திருக்க வேண்டாம், அது ஸ்பாமில் கிடக்கும். தளத்தில் பதிவு எண், மெயில் முகவரி, பிறந்த தேதி கொடுத்து நீங்களே தேடுங்கள்.

கே.கே.நகரிலிருந்து: சிங்கப்பூருக்கு நானே ஆன்லைனில் போடலாமா?

நேரடியாக முடியாது. அங்கீகரிக்கப்பட்ட விசா ஏஜென்ட் மூலமோ, அங்கே இருக்கும் உறவினர் மூலமோதான். அரசுக் கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர், மற்றது ஏஜென்ட்டின் கூலி. எஸ்ஜி அரைவல் கார்டு என்கிற சிங்கப்பூர் வருகை அட்டை தனி. இறங்கும் நாளுக்கு முந்தைய மூன்று நாளுக்குள் போடுவது, இலவசம். அதற்குக் காசு கேட்கும் தளத்தை மூடிவிடுங்கள். மலேசியாவுக்கும் தாய்லாந்துக்கும் இதே மாதிரி டிஜிட்டல் வருகை அட்டை உண்டு.

பரமக்குடியிலிருந்து: டூரிஸ்ட் விசாவில் துபாய் போய் வேலையில் சேர்ந்துக்கலாம்னு ஏஜென்ட் சொல்றார். பாஸ்போர்ட் ஈசிஆர்.

தம்பி, தயவுசெய்து போகாதே. ஈசிஆர் என்றால், சில நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் குடிபெயர்வு அனுமதி வேண்டிய பாஸ்போர்ட். சுற்றிப் பார்க்கப் போகும் ஈசிஆர்காரருக்கு அந்த அனுமதி தேவையில்லை. அந்த ஓட்டையைத்தான் அந்த ஆள் பயன்படுத்துகிறார். சுற்றுலா விசாவில் வேலை பார்ப்பது அங்கே குற்றம். சம்பளம் தராவிட்டால் கேட்க ஒப்பந்தம் இருக்காது, அடிபட்டால் இன்சூரன்ஸ் இருக்காது. மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் ஏஜென்ட்டின் பதிவு எண் இருக்கிறதா என்று பார். இல்லையென்றால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதே, பாஸ்போர்ட்டையும் கையில் கொடுக்காதே.

விருதுநகரிலிருந்து: அமெரிக்காவில் இருக்கும் மகனைப் பார்க்கப் போறோம். டிஎஸ்-160 பாதியில் போயிருச்சும்மா.

20 நிமிடம் சும்மா விட்டால் வெளியே தள்ளிவிடும் அம்மா. தொடங்கியதும் வரும் விண்ணப்ப எண்ணை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், பாதுகாப்புக் கேள்விக்கான பதிலையும். ஒவ்வொரு பக்கத்துக்கும் 'சேவ்' கொடுங்கள். சமர்ப்பித்த பிறகு தப்பு தெரிந்து புதிதாகப் போட்டால் எண் மாறும். சென்னை நேர்காணலுக்குப் பதிவு செய்த இடத்திலும் அந்தப் புது எண்ணை மாற்ற வேண்டும்.

சிவகங்கையிலிருந்து: நாலு மாசத்தில் பாஸ்போர்ட் முடியுது, பரவாயில்லையா?

முதலில் புதுப்பியுங்கள். பல நாடுகள் ஆறு மாத ஆயுள் கேட்கின்றன. விசாவைப் பழைய எண்ணில் எடுத்துவிட்டுப் பிறகு பாஸ்போர்ட்டை மாற்றினால், அந்த இ-விசா பெரும்பாலும் செல்லாது.