ஏ ரிக்கெட்டும் ஒரு கோட்டை வாசலும்

அன்பின் ஐயா,

நீங்களும் திருகோணமலை என்பதால் எழுதத் துணிந்தேன். 1981இல் எனக்கு ஒன்பது வயது. கப்பலில் வேலை செய்த என் மாமா அமெரிக்காவில் புளோரிடாப் பக்கம் இறங்கியபோது டிஸ்னி வேர்ல்ட் பார்த்துவிட்டு ஒரு போஸ்ட்காட் அனுப்பினார். பாவிக்காமல் மிஞ்சிய சில ரிக்கெட்டுகளையும் கூடவே வைத்திருந்தார். எல்லாவற்றிலும் 'ஏ' என்று பெரிதாக அச்சடித்திருந்தது. ஏ என்றால் முதலாம் வகுப்பு என்று நாங்கள் முடிவு கட்டிவிட்டோம். அதைக் காட்டினால் உள்ளே விடுவார்கள், விரும்பிய நாள் மட்டும் தங்கலாம், படத்தில் இருக்கும் கோட்டையில் ஒரு ராசகுமாரி குடியிருக்கிறாள், டிஸ்னியின் உடலைப் பனிக்கட்டிக்குள் வைத்து அந்தக் கோட்டைக்கு அடியில்தான் வைத்திருக்கிறார்கள். இதெல்லாம் எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகளுக்குச் சத்தியம். மாமா எழுதியதில் நாங்கள் நம்பாதது ஒன்றே ஒன்று: அங்கே கோடையில் இரவுதோறும் வாணவேடிக்கை நடக்கும் என்பது. மாமா புளுகுகிறார் என்று சிரித்தோம்.

போன கோடையில் ரொறன்ரோவில் இருக்கும் மகள் குடும்பத்தோடு அங்கே போனேன். கோட்டைக்குள் ஆசையாய் நுழைந்தால் அது வெறும் நடைவழி. மறுபக்கத்தால் வெளியே வந்துவிட்டேன். மேலே சாப்பாட்டுக் கடையாம். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆறு வயதுப் பேத்தி, "அம்மம்மா, உள்ளுக்கு ஆர் இருக்கினம்?" என்று கேட்டாள். "ராசகுமாரி வெளியில போயிட்டா" என்று சொல்லிச் சமாளித்தேன். பிள்ளைக்குப் பொய் சொல்லலாமா? நாங்கள் அவ்வளவு ஒன்றும் தெரியாத பிள்ளைகளாகவா இருந்தோம்? ஆவணியில் பேத்தி இங்கே வருகிறாள். கார்னிவல் போட்டால் கூட்டிப்போக நினைக்கிறேன். டிஸ்னி பார்த்த பிள்ளைக்குக் கார்னிவலா என்று அண்ணா சிரிக்கிறார்.

ஒரு வாசகி,
உவர்மலை

அன்பின் சகோதரிக்கு,

முதலில் அந்த ஏ ரிக்கெட். அந்தக் காலத்தில் டிஸ்னி வேர்ல்டில் ரிக்கெட்டுகளைப் புத்தகமாகத்தான் விற்றார்கள். ஆங்கில எழுத்தில் ஏயிலிருந்து (A) ஈ (E) வரை ஐந்து வகை. 1982இல் எப்கொட் என்ற அடுத்த பூங்கா திறந்தபோது அந்த முறையை எடுத்துவிட்டு, ஒரே கட்டணத்தில் எல்லாவற்றிலும் ஏறலாம் என்று ஆக்கினார்கள். உங்கள் மாமா ஏறத்தாழ அதன் கடைசிக் காலத்தில் போயிருக்கிறார். அதில் ஈதான் ராஜா. பெரிய விளையாட்டுகளெல்லாம் ஈ. ஏ என்பது ஆகக் கடைசி. வாசல் தெருவில் ஓடும் குதிரை வண்டி மாதிரிச் சின்னச் சவாரிகளுக்கு உரியது. ஈ முதலில் தீர்ந்துவிடும், ஏ மிஞ்சிப்போகும். அமெரிக்காவில் அநேகம் வீட்டு லாச்சிகளில் அப்படி மிஞ்சிய ஏ ரிக்கெட்டுகள் கிடந்திருக்கின்றன. அதில் சில உவர்மலைக்கும் வந்து சேர்ந்திருக்கின்றன, அவ்வளவுதான். ஆனால் உயர்தரப் பரீட்சைப் பெறுபேற்றில் ஏ எடுத்த அண்ணாமாரை ஊரே கொண்டாடுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, ஏ என்றால் கடைசி என்று எப்படி நினைக்கும்? உங்கள் கணக்கில் பிழை இல்லை. கையிலிருந்த தகவலை வைத்துச் சரியாகத்தான் யோசித்திருக்கிறீர்கள். அந்த ரிக்கெட்டை அச்சடித்தவன் எங்கள் பரீட்சைத் திணைக்களத்தைக் கேட்கவில்லை.

கோட்டை விஷயமும் இதே கதைதான். நீங்களும் நானும் கண்ட ஒரே கோட்டை பிரட்ரிக் கோட்டை. 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து அந்தக் கல்லைக்கொண்டே கட்டியது. அதற்குள் பட்டாளம் இருந்தது, இப்போதும் இருக்கிறது. மான் மேய்கிறது. உள்ளே போனால் மலையுச்சியில் கோயில், கோயிலில் ஐயர், வாசலில் தேங்காய்க் கடை. கோட்டை என்றால் அதற்குள் யாரோ இருப்பார்கள் என்பது திருகோணமலைப் பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டிய விஷயமா? ஆளில்லாத கோட்டையை அல்லவா நாங்கள் நம்பியிருக்க மாட்டோம்! போதாததற்கு, இராவணன் வாளால் வெட்டிய மலைப்பிளவைக் கையால் காட்டும் ஊர். கன்னியாவில் அடுப்பு மூட்டாமலே ஏழு கிணற்றிலும் சுடுதண்ணீர், அதுவும் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. இதையெல்லாம் கண்ணால் கண்ட பிள்ளைக்கு ஒரு ராசகுமாரி குடியிருப்பது எந்த மூலைக்கு?

தங்கலாம் என்று நினைத்ததும் அப்படித்தான். திருவிழாவுக்குப் போனால் சொந்தக்காரர் வீட்டில் தங்குவோம், அன்னதானம் இருக்கும், யாரும் நேரம் பார்த்து வெளியே அனுப்ப மாட்டார்கள். ஒரு பெரிய கொண்டாட்டம் நடக்கும் இடத்தில் இராத்திரி கதவைப் பூட்டி எல்லாரையும் அனுப்பிவிடுவார்கள் என்பது எங்களுக்குத் தெரியாத வழக்கம்.

இனி அந்த நடைவழி. நீங்கள் அழுதுகொண்டே கடந்ததில் ஒன்றைத் தவறவிட்டிருப்பீர்கள் என்று எனக்குச் சந்தேகம். அந்த வழியின் சுவரில் ஆள் உயரத்தைவிட இரண்டு மடங்குக்கும் மேலான ஐந்து சித்திரங்கள் இருக்கின்றன. வண்ணக் கண்ணாடியைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டிப் பதித்தவை, இடையிடையே தங்கமும் வெள்ளியும் வரும். கிட்டப்போய்ப் பார்த்தால், கண்ணாடிச் செருப்பு சிண்டரெல்லாவின் காலுக்குப் பொருந்துவதைப் பார்த்துக்கொண்டு நிற்கும் இரண்டு சகோதரிகளில் ஒருத்தியின் முகம் ஆத்திரத்தில் சிவப்பு, மற்றவளின் முகம் பொறாமையில் பச்சை. பதித்தவர் ஹான்ஸ் ஷார்ஃப் என்ற ஜெர்மானியர். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் வான்படைக்காகக் கைதிகளை விசாரித்தவர். அடி உதை இல்லாமல், நட்பாகப் பேச்சுக் கொடுத்தே தகவல் எடுத்தவர் என்று பெயர் வாங்கியவர். போர் முடிந்தபின் அமெரிக்கா போய்க் கண்ணாடி பதிக்கும் தொழிலில் இறங்கினார். விசாரணை என்றாலே அடி உதை என்று பயந்து வளர்ந்த எங்கள் ஊர்க்காரருக்கு இது லேசில் தொண்டைக்குள் இறங்காத சங்கதி. எனக்கு அந்தக் கோட்டையில் பிடித்ததே இதுதான்.

மற்றபடி அது கல்லுக் கோட்டை அல்ல. உருக்குச் சட்டம், கொங்கிறீட், மேலே ஃபைபர் கிளாஸ். உயரம் 189 அடி. கோணேசர் மலையே அதைவிட உயரம். ஆனாலும் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் வானத்தைத் தொடுகிற மாதிரி இருக்கும். மேலே போகப்போக யன்னலையும் கோபுரத்தையும் கல் வடிவத்தையும் சிறிதாக்கிக்கொண்டே போயிருக்கிறார்கள். சிறிதாகத் தெரிவதால் தூரத்தில் இருக்கிறது என்று கண் எடுத்துக்கொள்கிறது. வாசல் தெருக் கடைகளின் மேல்மாடிகளிலும் இதே வேலைதான். உங்கள் போஸ்ட்காட்டில் கோட்டை பெரிதாகத் தெரிந்தது படம்பிடித்தவரின் கெட்டித்தனம் மட்டுமில்லை. நேரில் நிற்பவனையும் அப்படியே நம்பவைக்கத்தான் கட்டியிருக்கிறார்கள்.

கோட்டைக்கு அடியில் ஆள் இருக்கிறார் என்று நம்பினீர்கள் அல்லவா, அது பாதி உண்மை. வோல்ட் டிஸ்னி அங்கே இல்லை. அவர் 1966 டிசம்பர் 15ஆம் திகதி இறந்தார், உடலைத் தகனம் செய்துவிட்டார்கள். புளோரிடாப் பூங்கா திறந்தது 1971 ஒக்டோபரில். அண்ணன் ரோய்தான் கட்டி முடித்துத் திறந்தார், அந்த வருஷம் முடிவதற்குள் அவரும் போய்விட்டார். பனிக்கட்டிக் கதை கிளம்பியதற்கு வாகான ஒரு சம்பவம் உண்டு. டிஸ்னி இறந்து ஒரு மாதத்துக்குள், அதே கலிபோர்னியாவில், ஜேம்ஸ் பெட்ஃபோர்ட் என்ற பேராசிரியரின் உடலை உண்மையிலேயே உறையவைத்தார்கள். உலகத்தில் அதுதான் முதல் தடவை. இரண்டு செய்தியும் பக்கத்துப் பக்கத்தில் வந்தால் சனம் சும்மா இருக்குமா?

ஆனால் அடியில் ஆட்கள் இருக்கிறார்கள். அந்தப் பூங்காவின் பல பகுதிகளுக்குக் கீழே சுரங்க வழிகள் ஓடுகின்றன. வேலையாட்கள் உடுப்பு மாற்றுவதும் சாப்பிடுவதும் சாமான் கொண்டுபோவதும் குப்பை போவதும் அதற்குள்தான். புளோரிடாவில் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் வந்துவிடும். ஆகவே தோண்டாமல் அந்த வழிகளைத் தரைமட்டத்திலேயே கட்டி, பக்கத்தில் ஏரி வெட்டிய மண்ணைச் சுற்றிலும் மேலும் கொட்டி, அதன்மேல் பூங்காவை வைத்தார்கள். நீங்கள் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தது உண்மையில் மேல்மாடியில். ஒரு ஊர் ஊராக இருக்க என்னவெல்லாம் வேண்டுமோ, சமையல், குப்பை, உடுப்பு மாற்றுதல், களைத்துப்போய்க் கதிரையில் சாய்ந்திருக்கும் ஆள், அத்தனையும் கீழே. மேலே கொண்டாட்டம் மட்டும். உங்களுக்கு அழுகை வந்தது இதனால்தான் என்று நினைக்கிறேன். நீங்கள் தேடிப்போனது ஒரு வீட்டை. ஒருவரும் வீடென்று நினைக்காதபடி யோசித்து யோசித்துக் கட்டிய இடம் அது.

வாணவேடிக்கைக்கு வருகிறேன். மாமா புளுகவில்லை. 1981இல் நீங்கள் சிரித்ததற்குக் காரணம் எளிது, வாணம் என்றால் திருவிழாவுக்கு விடுவது, அதை யார் தினமும் விடுவார்கள்? ஆனால் இரண்டு மூன்று வருஷத்தில் போர் வந்து எங்கள் இரவு வானத்திலும் வெளிச்சம் வரத் தொடங்கிவிட்டது. பரசூட்டில் தொங்கும் பரா லைட் மெல்ல மெல்லக் கீழே இறங்கும், முற்றத்து வாழை இலைகூடப் பகல் மாதிரித் தெரியும். அம்மா கையைப் பிடித்து உள்ளே இழுத்துவிடுவார். அதற்குப் பிறகு யாராவது வந்து, ஒரு நாட்டில் இராத்திரி வெடிச்சத்தம் கேட்டால் பிள்ளைகள் வெளியே ஓடிவந்து பார்க்கிறார்கள் என்று சொல்லியிருந்தால், ராசகுமாரியை நம்பிய எங்களுக்கு அது இன்னும் பெரிய புளுகாகத்தான் பட்டிருக்கும். போன கோடையில் அந்தப் பூங்காவில் முதல் வெடி வெடித்தபோது நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கடிதத்தில் எழுதவில்லை. எழுதுங்கள், கேட்க ஆசை.

பேத்திக்குச் சொன்ன பதில் பற்றிக் கவலைப்படாதீர்கள். "வெளியில போயிட்டா" என்பதைப் பிள்ளைகள் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக மாட்டார்கள். திரும்பக் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்: மேலே சாப்பாட்டுக் கடை, கீழே சுரங்கம். ஆறு வயதுப் பிள்ளைக்கு ராசகுமாரியைவிடச் சுரங்கம் பிடிக்கும் என்பது என் அனுமானம். பூங்காக்காரரின் வித்தைகளில் பாதி, தெரிந்தபின் இன்னும் சுவையானவை. பேய் மாளிகையில் ஆடும் பேய்கள் ஏதோ புதுக் கருவி என்று பலர் நினைக்கிறார்கள். பெரிய கண்ணாடி ஒன்றுக்கு முன்னால் நாங்கள், எங்கள் கண்ணுக்கு மறைவாக வெளிச்சம் பாய்ச்சிய பொம்மைகள். கண்ணாடியில் விழும் பிம்பம்தான் பேய். 1860களில் லண்டன் மேடையில் பெப்பர் என்பவர் காட்டிய வித்தை. இருட்டுக்குள் ஓடும் அந்த ஸ்பேஸ் மவுண்டன் சவாரி இருக்கிறதே, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கத்தியிருப்பீர்கள், அதன் வேகம் மணிக்கு 45 கிலோமீற்றர் அளவில்தான். ஹபரணை வீதியில் எங்கள் தனியார் பஸ்காரர் அந்த வேகத்தில் போனால் பயணிகள் இறங்கி நடந்துவிடுவார்கள். எதிரில் என்ன வருகிறது என்று தெரியாததால்தான் பறக்கிற மாதிரி இருக்கிறது.

அண்ணா சிரித்தால் சிரிக்கட்டும், ஆவணியில் கார்னிவல் வந்தால் பேத்தியைக் கட்டாயம் கூட்டிப்போங்கள். ராட்டினத்துக்கும் சோளப்பொரிக்கும் அவசரப்படாமல் நேரே மரணக் கிணற்றுக்குப் போங்கள். எங்கள் காலத்தில் மோட்டார் சைக்கிள் ரயரில் காந்தம் இருக்கிறது என்று ஒரு கட்சி, பசை பூசியிருக்கிறது என்று இன்னொரு கட்சி. பலகைச் சுவரில் காந்தம் எப்படிப் பிடிக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை! நடப்பது இதுதான். ஓட்டுபவர் அடியில் சரிவான பலகையில் வேகம் எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக நெட்டுச் சுவருக்கு ஏறுவார். வட்டமாகச் சுற்றும்போது ரயர் சுவரை அழுத்தும், சுவர் திருப்பித் தள்ளும். அந்த அழுத்தத்தில் வரும் உராய்வுதான் அவரைக் கீழே விழாமல் தாங்குகிறது. வேகம் குறைந்தால் அழுத்தமும் குறையும், வழுக்கும். இங்கே நிலத்துக்கு அடியில் ஒளித்து வைத்த ஆள் ஒருவரும் இல்லை. கிணற்றுக்காரர் மத்தியானம் கூடாரத்துக்குப் பக்கத்தில் சோறு சமைப்பதையும், சாரத்தோடு இருந்து சங்கிலிக்கு எண்ணெய் போடுவதையும் வேலிக்கு இப்பால் நின்றே பார்க்கலாம். பின்னேரம் அவரே சட்டை மாற்றிக்கொண்டு சுவரில் ஏறுவார். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பேத்தி கேட்டால் கையை நீட்டிக் காட்டலாம்.

மேலே ஏறிச் சுற்றி நின்று பார்க்கும் தட்டில் பிள்ளையை முன்னால் விட்டுப் பின்னால் நீங்கள் நில்லுங்கள், மோட்டார் சைக்கிள் சுற்றும்போது முழுத் தட்டும் ஆடும். நூறு ரூபாய்த் தாள் ஒன்றை விளிம்புக்கு மேல் நீட்டினால் ஓட்டத்திலேயே வந்து பறித்துக்கொண்டு போவார். அதை மட்டும் பேத்தியிடம் கொடுக்காதீர்கள், அண்ணாவை நீட்டச் சொல்லுங்கள்.

அன்புடன்.