கன்னத்தின் உட்புறம் வெள்ளைத் திட்டு

கேள்வி: ஜமக்காளத் தறி நெய்யும் என் தந்தைக்கு வயது 58. வெற்றிலை பாக்குடன் புகையிலையையும் இடது கன்னத்தில் அடக்கிக்கொள்ளும் பழக்கம் உண்டு. அதே இடத்தில் வெள்ளையாக ஒரு திட்டு தெரிகிறது. வலிக்கவில்லை என்று மருத்துவரிடம் வர மறுக்கிறார். பயப்பட வேண்டுமா?
– வாசகி, பவானி

பதில்: வலி இல்லாததை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ளாதீர்கள், வாய்ப் புற்றுநோய் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை, வலி வந்த பிறகே வருகிறவர்களைக் காணும்போதெல்லாம் மனம் கனக்கிறது. துடைத்தாலும் போகாத இத்தகைய திட்டு, சிலருக்குப் புற்றாக மாறக்கூடிய லூகோபிளேக்கியா என்ற நிலையாக இருக்கலாம். அது எல்லோருக்கும் புற்றாக மாறுவதில்லை என்றாலும், யாருக்கு மாறும் என்பதைக் கண்ணால் பார்த்து மட்டும் சொல்லிவிட முடியாது.

நல்ல வெளிச்சத்தில் கன்னத்தை விலக்கிப் பாருங்கள். திட்டுக்கு நடுவே சிவப்போ, புண்ணோ, தொட்டால் தடிப்போ இருந்தால் ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம்; சிவந்த திட்டு வெள்ளையைவிட ஆபத்தானது. அவை இல்லாவிட்டாலும், 2 வாரங்களில் மறையாத எந்தத் திட்டையும் பல் மருத்துவரிடமோ, பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ காட்டியே ஆக வேண்டும். தேவையானால், மரத்துப்போக ஊசி போட்டுச் சிறிதளவு சதை எடுத்துச் சோதிப்பார்கள். சதையைக் கீறினால் நோய் பரவிவிடும் என்று நம் ஊர்களில் பலர் அஞ்சுவதற்கு ஆதாரம் இல்லை.

புகையிலையை மட்டும் விட்டால் போதாது, பாக்கும் புற்றுநோய்க் காரணிதான். இரண்டையும் நிறுத்தினால் சில திட்டுகள் தாமாகவே மங்குவதுண்டு. ஆனால் அதற்காகக் காத்திருந்து பரிசோதனையைத் தள்ளிவைக்கக் கூடாது. பழக்கத்தைக் கைவிட 1800 11 2356 என்ற கட்டணமில்லா எண்ணில் ஆலோசனை கிடைக்கும்.