உலமாப் பறவை கத்துகிறது என்று மருந்தை நிறுத்தாதீர்கள்

தங்கச்சி, மூன்று இரவாகத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளுக்குப் பின்னால் காட்டில் பொம்பளை அலறுவது மாதிரி சத்தம், அப்பா காய்ச்சலும் இருமலுமாகக் கிடக்கிறார், 'அழைப்பு வந்துவிட்டது, இனி மருந்து எதற்கு' என்கிறார் அம்மா என்று எழுதியிருந்தீர்கள். அப்பாவை நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். இருமல் இரண்டு வாரம் தாண்டியிருந்தால் சளிப் பரிசோதனை கேளுங்கள்.

அப்படிக் கத்தும் பறவையைத்தான் இங்கே இலங்கையில் உலமா என்பார்கள், அது கத்தினால் சாவு வரும் என்பது நம்பிக்கை. சிங்களக் கிராமத்துக் கதைப்படி, சந்தேகம் பிடித்த புருஷன் பிள்ளையைக் கொன்று கறியாக்கி வைக்க, சட்டியில் குட்டி விரலைக் கண்ட தாய் கதறியபடி காட்டுக்குள் ஓடிப் பறவையானாள். இதைக் கேட்டு வளர்ந்தவருக்குப் பயம் வராமல் எப்படி இருக்கும்? கத்துவது அநேகமாக வயிற்றில் புள்ளியுள்ள பெரிய காட்டு ஆந்தை, இரண்டடி வரை இருக்கும். அயர்லாந்தில் பான்ஷீ என்ற பெண்ணாவி அழுதால் வீட்டில் சாவு என்பார்கள், ஆனால் வங்காளத்திலோ ஆந்தை லட்சுமியின் வாகனம், வந்தால் சந்தோஷம்.

எங்கள் தாத்தா படுத்திருந்த மாதம் நானும் தினமும் கேட்டேன். விளக்கேற்றி விழித்திருந்ததால் கேட்டது, மற்ற நாளில் கொழுந்தெடுத்த அலுப்பில் யார் விழிப்பது? தாத்தா அப்புறம் ஆறு வருஷம் இருந்தார்.

அம்மாவோடு சண்டை வேண்டாம். முனியாண்டிக்கு நேர்ந்துகொள்ளட்டும், உப்பைச் சுற்றிப் போடட்டும். மிளகாயை மட்டும் அடுப்பில் போட விடாதீர்கள், அந்தப் புகை இருமுகிறவருக்கு ஆகவே ஆகாது.